கார்டியோ பழகியவர்கள் எடை தூக்கத் தொடங்கும்போது

நடை, ஓட்டம், சைக்கிள் என்று பழகியவர்கள் டம்பெல்லைக் கையில் எடுத்ததும் அதையும் கார்டியோ ஆக்கிவிடுகிறார்கள். வியர்வை கொட்டினால்தான் பயிற்சி என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது. ஒரு செட் (நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று) முடித்து 20 விநாடியில் அடுத்ததைத் தொடங்கினால் மூச்சுதான் முதலில் தீரும். தசைக்குச் சரியான வேலை கிடைப்பதற்குள் எடையைக் கீழே வைத்துவிடுவோம். ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (இடுப்பை மடக்கி எடையைத் தூக்குவது) போன்ற பெரிய பயிற்சிகளில் ஒவ்வொரு செட்டுக்கும் பிறகு 2 நிமிடம், சிறியவற்றில் 1 நிமிடம் சும்மா இருங்கள். அந்த ஓய்வும் பயிற்சியில் சேர்த்திதான்.

தொடக்கத்துக்கு வாரம் 2 நாள் போதும். நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரண்டு நாளும் முழு உடலுக்கும் செய்யுங்கள். இன்று கை, நாளை கால் என்று பிரித்தால், ஒரு நாள் தவறியதும் அந்தப் பகுதிக்கு வாரம் முழுக்க வேலையே இருக்காது.

5 நிமிடம் வேகமாக நடந்து, எடையில்லாமல் 10 ஸ்குவாட் போட்டால் உடம்பு சூடாகிவிடும். பிறகு இந்த வரிசையில் போகலாம்: டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து ஸ்குவாட், ருமேனியன் டெட்லிஃப்ட், புஷ்-அப், ஒரு கை ரோ (முன்னால் சாய்ந்து ஒரு கையால் டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுப்பது), குதிகாலைத் தூக்கி இறக்குவது, கடைசியில் 20 முதல் 30 விநாடி பிளாங்க் (முழங்கையிலும் கால் விரல்களிலும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது). பிளாங்க் தவிர மற்றவை 8 முதல் 12 முறை. முதல் 2 வாரம் 2 செட், அப்புறம் 3.

ஸ்குவாட்டில் முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். கால் விரல்கள் பார்க்கும் திசையிலேயே முட்டியும் போக வேண்டும். குதிகால் தரையை விட்டு எழும்பினால் அவ்வளவு கீழே இறங்க வேண்டாம்.

ஓடுகிறவர்களுக்கு இந்தப் பட்டியலில் மிகவும் தேவையானது ருமேனியன் டெட்லிஃப்ட் என்பேன். பின்தொடைக்கும் புட்டத்துக்கும் நேராக வேலை தருவது அது. அதிகம் தப்பாகச் செய்யப்படுவதும் அதுதான். குனிவது என்று நினைத்தாலே முதுகு வளைந்துவிடும். பின்னால் இருக்கும் கதவை இடுப்பால் தள்ளிச் சாத்துவதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். முட்டியை லேசாக மடக்கி அப்படியே நிறுத்தி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ள, டம்பெல் தொடையை ஒட்டியே இறங்கும். பின்தொடை இழுப்பது தெரிந்ததும் நிறுத்தித் திரும்பலாம். சிலருக்கு அது முட்டிக்குக் கீழேயே வந்துவிடும். தரையைத் தொட வேண்டியதில்லை. எடை உடம்பை விட்டு முன்னால் விலகினால் பாரம் அடிமுதுகில் ஏறும்.

புஷ்-அப் தரையில் வரவில்லையென்றால் உறுதியான மேசை விளிம்பில் கை வையுங்கள். 12 எட்டியதும் அதைவிடத் தாழ்வான இடத்துக்கு மாறலாம். இடுப்பு தொங்கக் கூடாது.

எவ்வளவு எடை? செட் முடியும்போது இன்னும் 2 அல்லது 3 முறை ஒழுங்காகச் செய்யலாம் என்று தோன்ற வேண்டும். இன்னும் 10 முறை செய்ய முடியுமென்றால் அந்த எடை லேசு. எல்லா செட்டிலும் 12 வந்துவிட்டதா, அடுத்த முறை கிடைக்கிற மிகச் சிறிய கூடுதல் எடைக்குப் போங்கள். எண்ணிக்கை 8க்கோ 9க்கோ இறங்கும். மறுபடி 12 வரை ஏற்றுங்கள். எடையையும் எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள், நினைவை நம்ப வேண்டாம். மாதக்கணக்கில் அதே 5 கிலோவைத் தூக்கிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் எழுதி வைக்காதவர்கள்தான்.

தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். மூச்சை அடக்கித் தூக்கினால் அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் எகிறும். ஏற்கெனவே அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கார்டியோவும் எடையும் ஒரே நாளில் வந்தால் எடை முதலில். களைத்த காலோடு ஸ்குவாட் போட்டால் செய்யும் முறை கெடும். நீண்ட ஓட்டத்தை எடைப் பயிற்சிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ வைக்காதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தசைவலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்கு வரும். அந்த நாள்களில் மெதுவான நடை நல்லது. மந்தமாக, இரண்டு காலிலும் பரவலாக இருக்கிற வலி தானாகப் போய்விடும். மூட்டில் ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தினால் அந்தப் பயிற்சியை அன்றே நிறுத்துங்கள்.