தோளுக்குக் கை சொல்லும் சேதி

மார்ச் 4
வலது தோள் மூட்டு நழுவி மூன்று வாரம் ஆயிற்று. கழுத்தில் தொங்கிய ஸ்லிங் இன்று போயிற்று. பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். வலி தோளில், பயிற்சி விரலுக்கா? வாய்க்குள் முனகிக்கொண்டேன்.

மார்ச் 6
முனகல் அவர் காதில் விழுந்துவிட்டது போல. என் இடது கையை எடுத்து வலது தோள்பட்டையின் மேல் வைத்து, “இப்போ பந்தை இறுக்குங்க” என்றார். இறுக்கினேன். விரலுக்கடியில் தசை கெட்டியானது. விட்டதும் தளர்ந்தது. நான்கைந்து தடவை செய்து பார்த்தேன், சின்னப் பிள்ளை மாதிரி.

தோள்பட்டை எலும்பை உடம்போடு எலும்பாகச் சேர்ப்பது காறை எலும்பு மட்டும்தானாம். மற்றபடி தசைகள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. மேல்கை எலும்பின் தலை உட்காரும் கிண்ணமும் ஆழமில்லை. கையில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் தோள் எப்படிப் பிழைக்கும்?

மார்ச் 9
சுத்தியல் நாள். முழங்கை மடிப்பில், பைசெப்ஸ் (மேல்கையின் முன்பக்கத் தசை) தசைநாண் மேல் தன் கட்டைவிரலை வைத்து, அதன் மேல் தட்டினார். நான் நினைப்பதற்குள் முன்னங்கை துள்ளியது. இழுபட்ட தசையிலிருந்து தண்டுவடத்துக்குச் சேதி போய், அங்கிருந்தே பதில் வருகிறது. எல்லாம் 20 மில்லி செகண்டு சொச்சத்தில். சேதி கொண்டுபோகும் இழை தன் தசையோடு நிற்பதில்லை, அக்கம்பக்கத்துத் தசைகளுக்கும் கிளை விடுகிறது. பைசெப்ஸுக்கும் தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசைக்கும் நரம்பு கிளம்புவது கழுத்துத் தண்டுவடத்தின் அதே ஐந்தாம், ஆறாம் (சி5, சி6) பகுதியிலிருந்துதான்.

மார்ச் 10
தூக்கம் வராமல் படித்தது. 2008இல் கர்ட்சர், புருஷின்ஸ்கி, ஸ்காட் என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்த சோதனை. கையைத் தள்ளுகிறார்கள், ஆனால் முழங்கை மட்டும் அசையும், தோள் அப்படியே இருக்கும்படி கணக்குப் போட்டு. தோள் தசை நீளவே இல்லை. அதனால் தண்டுவடத்தின் அவசரப் பதில் அங்கே இல்லை. ஆனால் 50 மில்லி செகண்டு தாண்டியதும் தோள் தசை விழித்துக்கொள்கிறது! முழங்கை இப்படி அசைந்திருக்கிறது என்றால் தோளிலும் விசை விழுந்திருக்க வேண்டும் என்று எதுவோ கணக்குப் போட்டுவிட்டது. நாமாக நினைத்துச் செய்ய 100 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். இந்த இரண்டாவது பதிலில் மூளையின் வெளி அடுக்கான புறணிக்கும் பங்கு உண்டு. அப்படியென்றால் இதை ‘அனிச்சை’ என்று சொல்வது கொஞ்சம் குறைத்து மதிப்பிடுவதாகத்தான் எனக்குப் படுகிறது.

மார்ச் 13
நல்ல கையில் ஒரு சோதனை. கண்ணை மூடி உள்ளங்கையை நீட்டினேன். தம்பி தடிப் புத்தகம் ஒன்றை அதில் போட்டான். கை தாழ்ந்தது, அப்புறம்தான் தோள் இறுகியது. அதே புத்தகத்தை நானே போட்டபோது தோள் முன்கூட்டியே இறுகியிருந்தது. சரி, அது அனிச்சையே இல்லை, முன்னேற்பாடு. பந்து அமுக்கும்போது நடப்பதிலும் பாதி இந்த வகைதான் என்கிறார் பிசியோ.

மார்ச் 16
கொஞ்சம் கெட்டியான பந்து கொடுத்திருக்கிறார். இந்த முறை முனகவில்லை.