குடத்தைக் காணோம்
எங்கள் ஊர் சுடலைமாடன் கொடையில் பதிவு செய்த வில்லுப்பாட்டை பாளையங்கோட்டை வீட்டு மாடியறையில் உட்கார்ந்து மிக்ஸ் செய்தேன் (குரல், வாத்தியச் சத்தங்களை அளவு பார்த்துச் சேர்ப்பது), தாளத்துக்குத் தட்டும் குடம் கும்மென்று கேட்டது, சந்தோஷமாகப் போய் பக்கத்து வீட்டு அண்ணாச்சி காரில் போட்டால் குடத்தையே காணோம். தப்பு பழைய ஹெட்போனில். சும்மா பாட்டுக் கேட்க வாங்கியது, கும்மென்ற அடிச்சத்தமான பேஸைத் தானாகத் தூக்கிக் காட்டும், அதை நம்பி நான் குறைத்துவிட்டேன்.

சரி, புதிது வாங்க வேண்டும். பின்பக்கம் திறந்த வகைதான் மிக்ஸிங்குக்கு நல்லது, சத்தம் காதுக்குள் அடைபடாது, உடுக்கை எங்கே ஜால்ரா எங்கே என்று பிரிந்து தெரியும். ஆனால் தெருவில் மைக்செட் கட்டினால் அதுவும் உள்ளே வந்துவிடும், குரல் பதியும்போது மைக்குக்குள் கசியும் (அதற்கு மூடிய வகைதான்). அப்புறம் ஓம் கணக்கு, அதாவது ஹெட்போனின் மின்தடை, அது கூடினால் பொதுவாக சத்தம் வர செருகும் கருவிக்கு வலு கூட வேண்டும். சென்ஹைசர் எச்டி 600 திறந்த வகை, 300 ஓம், லேப்டாப்பில் நேரே செருகினால் பெரும்பாலும் சத்தம் பத்தாது, நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்புக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் வைக்கும் ஒலிப் பெட்டி) வேண்டும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ மூடியது, 80 ஓமிலும் வருகிறது.

நான் திறந்ததற்கே போகிறேன், மைக்செட் இல்லாத ராத்திரியில் வேலை பார்த்துக்கொள்ளலாம். முதல் ஒரு வாரம் மிக்ஸைத் தொடாமல், மனப்பாடமான பாட்டுகளை மட்டும் அதில் கேட்டுப் பழக வேண்டும். அண்ணாச்சி காரை மட்டும் விடுவதாக இல்லை.