குளவி கொட்டியதற்கு மாரடைப்பு என்று எழுதிவிட்டார்கள்

அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே ஒரு வரியைத் திருத்தி வாங்குவதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கம்பம், போடி, தேவாரம் பக்கமிருந்து தினமும் விடியற்காலையில் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற எல்லோருக்கும் குளவி பழக்கமான ஆபத்துதான். ஆனால் குளவிக்கடி நெஞ்சுவலியாக மாறினால் என்ன கேட்க வேண்டும், எந்தத் தாளை வாங்கி வைக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டன்மேடு பக்கம் காய் எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்குக் கழுத்திலும் கையிலும் கொட்டு. கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. அப்புறம் நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல் இருக்கிறது என்றார், வியர்த்துக் கொட்டியது. கங்காணி மாமா பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனார். அலர்ஜிக்கான அவில், ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹார்ட் அட்டாக் மாதிரி தெரியுது, கீழே கொண்டு போங்க" என்று அனுப்பினார்கள். கம்பம்மெட்டு வழியாக இறங்கினோம். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற புரதம் உயர்ந்திருந்தது. ஆஞ்சியோகிராம் செய்தார்கள். எந்தக் குழாயிலும் அடைப்பு இல்லை.

தொல்லை இங்கேதான் ஆரம்பித்தது. கிளினிக்கில் ஈசிஜி தாளை மட்டும் கையில் கொடுத்தார்கள், சீட்டு எழுதவில்லை. கீழே வந்து சேர்வதற்குள் ஊசி வேலை செய்து தடிப்பும் வாடிவிட்டது. அவசரப் பிரிவில் "குளவி கொட்டுச்சு சார்" என்று நான் சொன்னேன், மாமாவும் சொன்னார். "அது வேற, இது வேற" என்று பதில் வந்தது. கேஸ் ஷீட்டில் ஏறியது நெஞ்சுவலி மட்டும்.

அந்த இரவு டூட்டியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர்தான் அம்மாவின் கழுத்தில் வீங்கியிருந்த கொட்டைப் பார்த்து உட்கார்ந்து விசாரித்தார். அவர் எனக்குப் புரிய வைத்ததை அப்படியே சொல்கிறேன். நம் உடம்பில் மாஸ்ட் செல் என்று ஒரு வகை செல் உண்டு. 1870களிலேயே பால் எர்லிக் என்ற ஜெர்மானியர் கண்டு சொன்னது. தோல், மூச்சுக்குழாய், குடல் என்று வெளி உலகம் உள்ளே நுழைகிற இடமெல்லாம் இவை இருக்கும். வயிற்றுப் புழுக்களையும் கிருமிகளையும் எதிர்ப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எலிகளின் மாஸ்ட் செல்கள் தேனீ விஷத்துக்கும் பாம்பு விஷத்துக்கும் எதிராக அவற்றைக் காப்பாற்றியதையே பார்த்திருக்கிறார்கள். நமக்கு நல்லது செய்கிற செல்தான். ஆனால் ஒரு விஷத்துக்கு எதிரான ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதம் ஏற்கெனவே அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தால், அடுத்த கொட்டில் உள்ளே அடைத்து வைத்திருக்கும் ஹிஸ்டமின், ட்ரிப்டேஸ், கைமேஸ் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடும்.

நான் கேள்விப்படாதது இதற்கு அப்புறம் வந்தது. மாஸ்ட் செல் இதயத்துக்குள்ளும் இருக்கிறதாம், முக்கியமாக இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைச் சுற்றி. அங்கே அது இவற்றைக் கொட்டினால் குழாய் சுருங்கி இறுகும். ஏற்கெனவே கொழுப்புப் படிவு இருப்பவர்களுக்கு அந்தப் படிவு அரித்துக் கிழியலாம். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அதற்குள்ளேயே ரத்தம் உறையலாம். இந்த மூன்று வகைக்கும் சேர்த்துக் கூனிஸ் சிண்ட்ரோம் என்று பெயர். 1991இல் இதை அலர்ஜியால் வரும் நெஞ்சுவலி என்று விவரித்த கிரேக்க இதய மருத்துவர் நிக்கோலஸ் கூனிஸின் பெயர் அது. அடைப்பே இல்லாத அம்மாவுடையது முதல் வகையாக இருக்கலாம் என்றார் டாக்டர். நிரூபிக்க, மாஸ்ட் செல் கொட்டுகிற அந்த ட்ரிப்டேஸ் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

கொட்டிய பிறகு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தம்தான் இதற்குச் சரியான ரத்தம். அந்த நேரம் எப்போதோ கடந்துவிட்டது. எனக்கு உள்ளே எல்லாம் இடிந்துவிட்டது. அப்போது டாக்டரே, "அட்மிஷன்ல ட்ரோபோனினுக்கு எடுத்த ரத்தம் லேப் ஃபிரிட்ஜ்ல மிச்சம் இருக்கும், அதுல பார்க்கலாம்" என்றார். அந்த ரத்தம் நேரத்துக்குள் எடுத்தது!

லேப் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அந்த டெஸ்ட் லிஸ்ட்ல இல்லை." வெளியே அனுப்ப முடியுமா என்றேன். "புது ரிக்விசிஷன் வேணும், யூனிட் சீஃப் கையெழுத்து வேணும்." சீஃப் அன்று விடுப்பு. பழைய சாம்பிள்களைச் சாயங்காலம் கழித்துவிடுவார்கள் என்பதையும் அவரே சாவகாசமாகச் சொன்னார். நான் மாடிக்கும் கீழுக்கும் ஓடினேன். கடைசியில் அந்த இளம் டாக்டர் தன் கையெழுத்தைப் போட்டு, லேப் பொறுப்பாளரிடம் போனில் பேசி, டியூபை ஐஸ் பெட்டியில் மதுரை வழியாக அனுப்ப வைத்தார். பணத்தை நாங்கள் தனியாகக் கட்டினோம். அவருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த மாத்திரைகளில் ஒன்று பீட்டா பிளாக்கர். மாரடைப்புக்கு வழக்கமாகக் கொடுப்பதுதான். ஆனால் மறுபடி குளவி கொட்டினால் உயிரைக் காக்க வேண்டிய அட்ரினலின் ஊசியின் வேலையை அது மட்டுப்படுத்திவிடும். நாளைக்கும் தோட்டத்துக்குப் போகிற ஒருவருக்கு எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வரி தப்பாக எழுதினால் மாத்திரையும் தப்பாகிவிடுகிறது.

ட்ரிப்டேஸ் ரிசல்ட் வந்தது: 24.6. ஒரு நாள் கழித்து எடுத்த ரத்தத்தில் 5.1, அதுதான் அம்மாவின் சாதாரண அளவு. இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சாதாரண அளவோடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும், இன்னும் 2ஐயும் கூட்டினால் வருவதைவிட முதல் எண் அதிகமாக இருந்தால் மாஸ்ட் செல்கள் வெடித்திருக்கின்றன என்று அர்த்தம். அம்மாவுக்கு 8.1ஐத் தாண்டினாலே போதும். அந்த இரண்டாவது ரத்தத்தைக் கேட்டு எடுக்க வையுங்கள், அது இல்லாமல் முதல் எண்ணுக்குப் பாதி மதிப்புதான். மாஸ்ட் செல் சம்பந்தமான வேறு நோய் உடம்பில் இருக்கிறதா என்பதற்கும் அந்தச் சாதாரண அளவுதான் முதல் தடயம். 5.1 கவலைப்பட வேண்டிய எண் இல்லை என்று கேட்டபோதுதான் மூச்சு வந்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். சம்மரியைத் திருத்த, கொட்டியதற்கான எழுத்து ஆதாரம் வேண்டும் என்றார்கள். மறுபடி மலை ஏறினோம். கிளினிக்கில் சீட்டு கொடுக்க முடியாது, பேஷன்ட் நேரில் வர வேண்டும் என்றார் ரிஜிஸ்டர் வைத்திருந்தவர். நெஞ்சுவலிக்காரரை அத்தனை வளைவு ஏற்றிக் கூட்டி வரச் சொல்கிறீர்களா என்று மாமா சத்தம் போட்டார். அப்படியும் அசையவில்லை. அன்றைய பயணம் வீண். அப்புறம் அம்மா கையெழுத்திட்ட கடிதம், ஆதார் நகலோடு போனோம். ரிஜிஸ்டரில் அம்மா பேருக்குப் பதில் தோட்டத்தின் பேர் இருந்தது. மாமா பொறுமையாக ஈசிஜி தாளில் அச்சாகியிருந்த நேரத்தை வைத்துத் தேடி அந்த வரியைக் கண்டுபிடித்தார். கொட்டிய நேரம், ஊசி போட்ட நேரம், இரண்டும் இருந்தன. முத்திரையோடு நகல் வாங்கினோம்.

இதய மருத்துவர் எல்லாத் தாளையும் படித்துவிட்டு ஒத்துக்கொண்டார், மறு பேச்சு இல்லை. பீட்டா பிளாக்கரை நிறுத்தி, குழாய் இறுகாமல் தளர்த்தும் டில்டியாசெம் எழுதினார். சம்மரியில் கூனிஸ் சிண்ட்ரோம், குளவி விஷம் என்று வந்தது. யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், எழுதியவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

அலர்ஜி டாக்டரிடம் உடனே ஓட வேண்டாம். நாங்கள் போனதும், "கொட்டிய உடனே ஐஜிஈ பார்த்தால் இல்லை என்றே காட்டலாம், நாலு முதல் ஆறு வாரம் கழித்து வாங்க" என்று திருப்பி அனுப்பினார். போன் செய்து நேரம் வாங்கியபோதே இதைச் சொல்லியிருக்கலாம்.

கிளினிக்கில் அட்ரினலின் ஏன் போடவில்லை என்று அலர்ஜி டாக்டரிடம் கேட்டேன். ஈசிஜி மாறியிருந்தால் தயங்குவது உண்டு, அது குழாயை இன்னும் இறுக்கக்கூடும் என்றார். ஆனால் மூச்சு முட்டினாலோ பிரஷர் விழுந்தாலோ தயக்கமே கூடாதாம். பெரியவர்களுக்கு 1 மில்லி ஆம்பூலில் பாதி, அதாவது அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கச் சதையில். விலை குறைந்த மருந்து, மருத்துவர் உள்ள எந்தச் சின்னக் கிளினிக்கிலும் வைத்திருக்கலாம். அவிலும் ஸ்டீராய்டும் அதற்கு மாற்று இல்லை. மார்ஃபின் மாஸ்ட் செல்லையே தூண்டக்கூடும் என்பதால், நெஞ்சுவலிக்கு அதைக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும் என்றும் அம்மாவின் அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த அட்டையின் நகல் ஜீப் டிரைவரிடமும் மாமாவிடமும் இருக்கிறது. மேலே யாருக்காவது இப்படி ஆனால் கொட்டிய நேரத்தை எழுதி வாங்குங்கள், ட்ரிப்டேஸுக்கு ஒரு டியூப் ரத்தம் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். லிஸ்ட்டில் இல்லை என்பார்கள். எடுத்து வைக்க மட்டும் சொல்லுங்கள், அனுப்புவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.