எம்டி 90: போர் அடித்த எஞ்சினைப் பழக்கும் நாட்குறிப்பு

யூன் 9, 2024, ஞாயிறு

சிலிண்டர் லேத்திலிருந்து வந்துவிட்டது. யப்பானில் தபால் விநியோகத்துக்கு ஓடிய ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிளுடையது. 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனுக்காக உட்சுவரைக் கடைந்து அகலமாக்கியாயிற்று, இதுதான் போர் அடிப்பது. ஹோன் கல்லால் சுவரில் தேய்த்த கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நன்றாகத் தெரிகின்றன. பிஸ்டனைச் சுற்றியுள்ள புது வளையத்தை, அதாவது றிங்கை, தேய்த்துச் சுவரோடு பொருந்தவைப்பது இந்தக் கோடுகளின் கூர்தான். கூர் மழுங்குமுன் றிங் அமரவேண்டும். அதற்குக் கிடைப்பது முதல் சில பத்துக் கிலோமீற்றர்கள் மட்டுமே.

பெற்றோலால் மட்டும் கழுவினால் அரைதூள் கோடுகளுக்குள் தங்கிவிடும். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு பிரஷால் தேய்த்து, பிறகு ஒயில் தோய்த்த வெள்ளைத்துணியால் துடைக்கவேண்டும். துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரைக்கும் துடைப்பு. உடனேயே ஒயில் பூச்சு. எங்கள் உப்புக்காற்றுக்கு வெறும் இரும்பு தாங்காது.

றிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் (வாய்க்கு) இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜ் தகட்டால் பார்த்தது: 0.20 மி.மீ. இந்த விட்டத்துக்குச் சரி. இடைவெளி போதாவிட்டால், சூட்டில் முனைகள் முட்டிச் சுவரைக் கிழிக்கும். எழுத்துள்ள பக்கம் மேலே, வாய்கள் 120 பாகை தள்ளி.

யூன் 10

பூட்டியாயிற்று. சாதாரண மினரல் ஒயில், மோட்டார் சைக்கிளுக்கான ஜாசோ எம்ஏ குறியுள்ளது. கிளச் அதே ஒயிலில் குளிப்பதால் கார் ஒயில் ஊற்றினால் வழுக்கலாம். அளவுக்கோலைத் திருகாமல் வைத்துத்தான் ஒயில் மட்டம் பார்க்கவேண்டும்.

பிளக்கைக் கழற்றி, வால்வ் பக்கத்து டப்பட் மூடியையும் திறந்து, மேலே ஒயில் வரும்வரை கிக்கர் அடிக்கவேண்டும். இதைச் செய்யாமல் ஸ்ராட் பண்ணினால் வால்வைத் திறக்கும் கேம் காய்ந்தபடி சுற்றும். ஸ்ராட் ஆனதும் ஐடிலில் விட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. ஐடிலில் சிலிண்டர் அழுத்தம் குறைவு, றிங் சுவரில் அழுந்தாது. சூடேறியதும் நிறுத்தி முழுக்க ஆறவிட்டு, ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காகச் சரிபார்த்தது. டப்பட் இடைவெளி இரண்டும் 0.05 மி.மீ., எஞ்சின் குளிர்ந்திருக்கையில், பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் பிளைவீலின் டி குறியில்.

யூன் 12

முக்கியமான ஓட்டம் இன்றைக்கு. றிங்கைச் சுவரில் அழுத்துவது அதற்குப் பின்னால் புகும், எரிந்த கலவையின் வாயு. எஞ்சின் இழுக்கும்போதுதான் அந்த அழுத்தம் வரும். “புது எஞ்சின், மெதுவாப் போ” என்று முப்பதில் ஒரே சீராக உருட்டுவதுதான் இங்கே எஞ்சின்களைக் கெடுக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஏற்றமும் இல்லை. ஆனால் இந்த மாதத்துச் சோளகக் காற்று இருக்கிறது. பண்ணைப் பாலத்தில் வேலணைப் பக்கம் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும். அதுவே எங்களுக்கு மலை.

மூன்றாம் கியரில் 25இலிருந்து 45 கி.மீ. வேகம் வரை திரொட்டிலின் அரைத் திறப்பில் இழுப்பு. பிறகு திரொட்டிலை முழுக்க மூடி 25 வரை இறங்கவிடுவது. மூடும்போது வெற்றிடம் ஒயிலை மேலே இழுத்துச் சுவரைக் குளிர்த்தும், தேய்ந்த தூளைக் கழுவும். திரும்பி வரும்போது காற்று தள்ளுவதால் சுமை குறைவு, ஆகவே திருப்பத்திலேயே நிறுத்தி ஆறவிட்டு, மறுபடி இழுப்பைக் கூட்டி எடுக்கவேண்டும். பின்னால் ஆள் வேண்டாம்.

எஞ்சின் திடீரெனக் கனத்து வேகம் விழுந்தால் பிஸ்டன் சூட்டில் விரிந்து சுவரைப் பிடிக்கத் தொடங்குகிறது. எம்டியில் கைக்கிளச் இல்லை. திரொட்டிலை மூடி, கியர் பெடலை மிதித்து அப்படியே பிடித்தால் கிளச் விடுபடும். பழகுமுன் ஓட்டுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

50 கி.மீ. ஆனதும் சுடச்சுட ஒயில் இறக்கியது. வெயிலில் பிடித்தால் மினுமினுக்கும் பொடி, வழமையானது. சிலும்பாக வந்தால்தான் கவலை.

யூன் 19

200 கி.மீ. பிளக் முதலில் கருத்து ஈரமாக இருந்தது, இப்போது மண்ணிறம். வெள்ளை வெளேரென்றிருந்தால் காபரேற்றர் கலவை மெலிவு, காற்றுக் கசிவையும் பார்க்கவேண்டும். புதிதாகப் போர் அடித்த எஞ்சின் அந்தச் சூட்டைத் தாங்காது. கோப்பாய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் ஒழுங்கைகளை இந்தக் கட்டத்தில் தவிர்ப்பது நல்லது. எயார் ஃபில்டர் பெட்டியின் ரப்பர் வெடித்திருந்தால் உள்ளே போகும் தூசி அத்தனை உழைப்பையும் அரைத்துவிடும்.

யூன் 30

500 கி.மீ. இரண்டாவது ஒயில் மாற்றம், டப்பட் மறுபடி. புகை நின்றுவிட்டது. இவ்வளவு ஓடியும் இழுக்கும்போது நீலப்புகை தொடர்ந்தால், பெரும்பாலும் சுவர் பளபளத்து றிங் அமரவில்லை என்று அர்த்தம். ஒயில் மாற்றி அதைத் தீர்க்கமுடியாது. கழற்றி, லேசாக ஹோன் பண்ணி, புது றிங் போடவேண்டும். காலையில் ஸ்ராட் பண்ணும்போது மட்டும் கொஞ்சம் புகை என்றால் வால்வ் சீலைப் பாருங்கள், சிலிண்டரில் கைவைக்கவேண்டாம்.

இனி 60 வரை, இடையிடையே முழுத் திறப்பு. அடுத்த ஒயில் 1000 கி.மீ.இல், அதுவும் மினரல்தான்.