வன்னியில் களப்பணிக்கு வரும் பெண்கள்

இலங்கையின் வடக்கே, வன்னியின் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் பெண்கள் அமைப்புகளின் களப்பணியாளர்களில் பலர், 2009இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்த சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமின் கம்பிவேலிக்குள் இருந்தவர்கள். சிலர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். நேர்முகத் தேர்விலேயே "நீங்களும் பட்டு வந்தனீங்கள்தானே, உங்களுக்கு இது விளங்கும்" என்று சொல்லி வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சில் பாதிதான் சரி.

சரியான பாதி பெரியது. காணாமலாக்கப்பட்ட கணவருக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால் காணியை மாற்றலாம், வங்கிக் காசை எடுக்கலாம் என்று வெளியூர் உத்தியோகத்தர் திரும்பத் திரும்ப விளக்குவார். மனைவி தலையாட்டுவார், படிவத்தில் மட்டும் கையெழுத்து வைக்கமாட்டார். வைத்தால் மனிசனைத் தானே சாகக் கொடுத்த மாதிரி. வீட்டில் ஒருவரைத் தொலைத்த களப்பணியாளருக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இறந்தார் என்று சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழும் எடுக்கலாம். அதை அவர் சொல்வார், ஆனால் முதல் நாளே சொல்லமாட்டார். பிள்ளைகளைப் புலிகள் இயக்கத்துக்குப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் யுத்தத்தின் கடைசிக் காலத்தில் அவசரமாகக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணிடம் விவாகப் பதிவு இருக்காது என்பதும், அதைக் கேட்டால் முகம் ஏன் இறுகும் என்பதும் அவருக்குத் தெரியும். "உங்கட ஆக்கள் எத்தினை பேர் செத்தது?" என்று அவர் ஒருநாளும் கேட்கமாட்டார்.

மற்றப் பாதியில்தான் வேலை கெடுகிறது. முதலில் கெடுவது உரையாடல். வந்த பெண் தன் கணவர் அடிப்பதைச் சொல்லத் தொடங்குகிறார். களப்பணியாளர் ஆறுதலாக "எனக்கும் இப்படித்தான் அக்கா" என்கிறார். பத்து நிமிடத்தில் அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துத் தங்கச்சியின் முதுகைத் தடவிக்கொண்டிருப்பார். வந்த விசயம் அப்படியே கிடக்கும். ஆகவே பயிற்சியில் நடித்துப் பழக்க வேண்டியது இந்த இடத்தைத்தான்: தன் கதையைச் சொல்ல வாய் வரும்போது மூச்சை விட்டு, "பிறகு என்ன நடந்தது? இண்டைக்கு வீட்டை போனால் பயமில்லையோ?" என்று கேட்பது. சொந்தக் கதைக்கு வேறு இடம் வேண்டும். கிழமைக்கு ஒரு மணித்தியாலம், கதவு சாத்திய அறையில், சம்பளத்தைத் தீர்மானிக்காத ஒரு மூத்த உளவளத்துணையாளரோடு. அதுதான் மேற்பார்வை. மாதாந்தக் கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் "எல்லாரும் ஓகேதானே?" என்று கேட்பது மேற்பார்வை ஆகாது.

இரண்டாவது, நேரம். பாலியல் வன்முறை என்றால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 120 மணித்தியாலம், அதிலும் முந்த முந்தத்தான் பலன். கேட்கத் தெரிந்த பணியாளர் முழுக் கதையையும் கேட்டு முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்துவிடுவார், அதிலேயே ஒரு பின்னேரம் போய்விடும். கதை காத்திருக்கும், மருந்து காத்திருக்காது. உடுப்பைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் போட வேண்டும், பொலித்தீன் சொப்பிங் பையில் போட்டால் ஈரம் பிடித்துத் தடயம் பழுதாகும். குளித்துவிட்டார் என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். அங்கே போனால் பொலிசுக்குத் தகவல் போகக்கூடும், சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார் என்பதை ஓட்டோவில் ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும். வாசலில் வைத்துத் தெரியவந்தால் திரும்பிப் போய்விடுவார்கள், பிறகு நம்பவும் மாட்டார்கள். பல அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கென்றே நட்பு நிலையம் என்ற பிரிவு இருக்கிறது. அங்கே இருக்கும் தாதியின் பெயரும் வேலை நேரமும் முன்கூட்டியே கையில் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

வீட்டு வன்முறைக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றம் முதலில் 14 நாள் வரைக்கும் இடைக்காலக் கட்டளையும், விசாரித்த பின் 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளையும் கொடுக்கலாம். விவாகரத்து கேட்கத் தேவையில்லை. இந்த ஒரு வசனம் தெரியாமல்தான் பல பெண்கள் பொலிஸ் நிலையத்தில் "சமாதானமாகப் போங்கோ" என்று கேட்டுத் திரும்புகிறார்கள்.

பணியாளரை அவருடைய சொந்த ஊருக்குப் போடக்கூடாது. ஊரைத் தெரியும் என்பதற்காக அங்கேயே போடும் அலுவலகங்கள்தான் அதிகம். அங்கே அடிப்பவன் மச்சான் முறை, அடிவாங்குபவர் பள்ளித்தோழி. இரண்டு ஊர் தள்ளிப் போட்டால் போதும். இலச்சினை ஒட்டிய வாகனம் ஒரு வீட்டுப் படலையில் நின்றால் பின்னேரமே ஊர் கேட்கும். முன்பள்ளியடியில் விட்டுவிட்டு நடக்கலாம், அல்லது ஸ்கூட்டியில் போகலாம். கோப்பில் பெயர் கூடாது, இலக்கம் மட்டும். இலக்கத்துக்கும் பெயருக்குமான பதிவேடு வேறு அலுமாரியில், வேறு ஆளின் திறப்பில்.

மே மாதத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். யுத்தத்தின் கடைசி நாட்களில் செத்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சும் கிழமையில் பயிற்சிப் பட்டறை, புள்ளிவிபரச் சேகரிப்பு, வெளிநாட்டு விருந்தினர் வருகை எதுவும் வைக்கக்கூடாது. பணியாளர் லீவு கேட்கமாட்டார், காரணம் எழுதக் கூசுவார். நாங்களே நாட்காட்டியில் அடைத்துவிட வேண்டும். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியின் பாதிப்பைத் தனிமனித நோயாக மட்டும் பார்க்காமல் கூட்டு மனவடு என்று எழுதியது இங்கே அன்றாட நிர்வாக விசயமாக வந்து நிற்கிறது.

விருந்தினர் என்றதும் இன்னொன்று. நிதி தருபவர்கள் வந்தால் "இவரும் தப்பி வந்தவர்" என்று பணியாளரை முன்னால் தள்ளும் வழக்கம் அசிங்கமானது. ஒருதரம் சொன்னால் அடுத்த குழுவுக்கும் அவர்தான். பிறகு ஊர்ப் பெண்கள் "எங்கட கதையையும் இப்பிடித்தான் சொல்லுவினம்" என்று வாயை மூடுவார்கள். மறுக்கும் உரிமையை நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடலாம்.

நியமனக் கடிதம் இருந்தால், அதாவது. இந்தப் பெண்களில் கனபேரை வருடக்கணக்கில் "தொண்டர்" என்று வைத்துப் படியும் பஸ் காசும் மட்டும் கொடுக்கிறார்கள். மற்றப் பெண்களுக்குச் சுயதொழிலும் சேமிப்பும் படிப்பிக்கிறவர் தன் வீட்டில் நுண்கடன் ஆள் வரும் நேரம் பார்த்து ஒளிகிறார். சம்பளம் கொடுத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 வீதம், அவர் 8 வீதம் கட்ட வேண்டும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனம் இன்னும் 3 வீதம். திட்ட வரவுசெலவில் இதற்கு ஒரு வரி போடாதவர்கள் பெண்களை வலுவூட்டும் திட்டம் என்று தலைப்புப் போடுவதற்கு முன் அந்த வரியைச் சேர்க்கட்டும்.