அலுவலக போன்களை இணையத்துக்கு மாற்றிய அனுபவம்

பழைய இன்டர்காம் பெட்டிக்கு உதிரி பாகம் கிடைக்காமல் போன பிறகுதான் இணையத் தொலைபேசிக்கு மாறினோம். செலவு குறையும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், குறைந்தது உண்மைதான். ஆனால் சின்னத் தொழில் நடத்துகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய லாபம், கூப்பிடும் வாடிக்கையாளரை யாராவது ஒருவர் எடுத்துப் பேசிவிடுவார் என்பது. இப்போது ஒரு அழைப்பு வந்தால் முதலில் வரவேற்பில் மணி அடிக்கும், 20 விநாடிக்குள் எடுக்காவிட்டால் விற்பனைப் பிரிவில் எல்லா போனும் சேர்ந்து அடிக்கும், அங்கேயும் ஆள் இல்லையென்றால் வெளியே போயிருப்பவரின் மொபைல் செயலிக்குப் போய்விடும். வாடிக்கையாளருக்குத் தெரிவது எங்கள் அலுவலக எண் மட்டும்தான்.

வேகமான இணைப்பு வேண்டுமே என்று பயப்படத் தேவையில்லை. குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 என்ற முறையில் ஒரு அழைப்புக்கு, ஒவ்வொரு திசையிலும், எல்லாம் சேர்த்து 100 கேபிபிஎஸ்ஸுக்குள்தான் ஆகும், பத்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிபிஎஸ் போதும். குரலைக் கெடுப்பது வேறு: யாராவது பெரிய கோப்பை அப்லோட் செய்யும்போது குரலைச் சுமக்கும் சின்னத் தரவுத் துண்டுகள் (பாக்கெட்டுகள்) வரிசையில் காத்துக் கிடக்கும், பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்த பிறகு அது நின்றது.

எங்களை அதிகம் அலைக்கழித்தது ஒருபக்கக் குரல். நாங்கள் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை, போனை மாற்றினாலும் அதே கதை. காரணம் இதுதான்: மணி அடிக்க வைப்பது எஸ்ஐபி என்ற நெறிமுறை, குரலைக் கொண்டுவருவது ஆர்டிபி என்ற நெறிமுறை, இரண்டும் தனித்தனி. உதவி செய்வதாக நினைத்து ரவுட்டரில் இருக்கும் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்ற வசதி எஸ்ஐபி செய்தியில் உள்ள முகவரியைத் திருத்தும்போது தப்பாகிவிட்டால், குரல் வேறெங்கோ போய்விடும். சேவை நிறுவனத்தின் உதவி மையம் மேசை போன்களையே திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்யச் சொன்னது. கடைசியில் அந்த ஏஎல்ஜியை அணைத்ததும் சரியாகிவிட்டது. மாறுகிறவர்கள் தயவுசெய்து இதை முதலிலேயே பாருங்கள்.

அப்புறம், பழைய எண்ணைப் புதிய சேவைக்கு மாற்றிக்கொள்ள முடிகிற இடமாக இருந்தால், மாற்றம் முழுசாக முடியும்வரை பழைய இணைப்பை ரத்து செய்யவே கூடாது. பல வருடங்களாக வாடிக்கையாளர் கையில் இருக்கும் எண் அது, போனால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது, இணையத் தொலைபேசிக்கு அப்படி வராது. ரவுட்டர், போன்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் இரண்டையும் யுபிஎஸ்ஸில் போட்டுவிடுங்கள், மின்வெட்டு நேரத்தில் அவசர அழைப்புக்கு ஒரு மொபைலும் கைவசம் இருக்கட்டும். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் (அலுவலக உள் எண்ணுக்கும்) நீளமான கடவுச்சொல் வையுங்கள், தேவைப்படாதவர்களுக்கு வெளிநாட்டு அழைப்பை அடைத்துவிடுங்கள், ஏனென்றால் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்து உங்கள் கணக்கில் இரவெல்லாம் வெளிநாட்டுக்கு அழைக்கும் மோசடி நிஜமாகவே நடக்கிறது.