ஆயுள் முழுக்க ஒரு ஊசி

நான் திருநம்பி, பிறந்தபோது பெண் என்று பதியப்பட்ட ஆண். கொழும்பு வெள்ளவத்தையில் அம்மாவோடு இருக்கிறேன். 2017இல் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோன் ஊசி தொடங்கினேன், இன்றும் போடுகிறேன், உயிர் உள்ளவரை போடுவேன். இதைத் தொடங்கப் போகிற தம்பிமார் என்னிடம் கேட்பதெல்லாம் குரல் எப்போது உடையும், தாடி எப்போது வரும் என்பதைத்தான். அதைக் கேட்கத்தான் வேண்டும், நானும் கேட்டேன். ஆனால் "ஆயுள் முழுக்க" என்பது மனதுக்குள் என்ன செய்யும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2016இல் இலங்கைச் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மனநல மருத்துவர் பாலின அங்கீகாரச் சான்றிதழ் தந்தால், அதைக் காட்டிப் பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் திருத்தலாம், பிறகு அடையாள அட்டையையும் மாற்றலாம். ஆகவே நம் பாதை மனநல மருத்துவரிடம் தொடங்குகிறது. நான் போனது ஒரு அரச ஆசுபத்திரிக்கு. கடையில் சாமான் வாங்க என் சிங்களம் போதும். சின்ன வயதிலிருந்து என் உடம்பைப் பார்த்து நான் பட்ட பாட்டைச் சொல்ல அது போதவில்லை. தமிழ் தெரிந்த ஒரு தாதியைக் கூப்பிட்டார்கள். நல்ல மனுசி, ஆனாலும் ஒவ்வொரு வசனமும் இன்னொருவர் வாய் வழியாகப் போனதில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தமிழர் இத்தனை பேர் வாழ்கிற கொழும்பில் இது இன்னும் இப்படி இருக்கத் தேவையில்லை.

அங்கிருந்து அகச்சுரப்பியியல் டொக்டரிடம், அதாவது ஹோர்மோன் பார்க்கிற டொக்டரிடம் அனுப்பினார்கள். இரத்தம், ஈரல், கொழுப்பு எல்லாம் சோதித்த பிறகு அவர் நிதானமாக விளங்கப்படுத்தினார். குரல் தடித்தால் தடித்ததுதான், ஊசியை விட்டாலும் பழைய குரல் வராது. மாதவிடாய் சில மாதங்களில் நிற்கும், ஊசியை விட்டால் திரும்பி வரும். "விடுகிற எண்ணம் இல்லை டொக்டர்" என்றேன். அவர் சிரித்தார்.

எனக்குத் தந்தது சஸ்டனோன் 250 என்ற டெஸ்டோஸ்டெரோன் ஊசி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. நிலக்கடலை எண்ணெயில் கரைத்த மருந்து என்பதால் கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டார்கள். தேன்போல மெதுவாகத்தான் சிரிஞ்சுக்குள் ஏறும். எங்கள் பக்கத்து டிஸ்பென்சரித் தாதி அம்பியூலை, அந்தச் சின்னக் கண்ணாடி மருந்துக்குப்பியை, உள்ளங்கைக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டுவார், பருமனான ஊசியால் இழுப்பார், பிறகு ஊசியை மாற்றி இடுப்புக்குக் கீழே ஆறுதலாக ஏற்றுவார். அவசரமாக ஏற்றினால் அடுத்த நாள் காலி வீதியில் 101 பஸ்ஸில் ஒரு பக்கமாகச் சரிந்துதான் உட்கார வேண்டி வரும்.

தொடக்க வருடங்களில் இந்த "ஆயுள் முழுக்க" எனக்குப் பாரமாகவே தெரியவில்லை. ஊசி நாள் நெருங்கும்போது உடம்பு சோரும், சின்ன விசயத்துக்கும் எரிச்சல் வரும், போட்டதும் தெளிந்துவிடும். தொலைபேசியில் என்னைத் தெரியாத ஒருவர் "சொல்லுங்கோ தம்பி" என்று பேசிய அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். சந்தோசத்தில்தான்.

கனம் வந்தது அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு. 2020இல் கருப்பையையும் சூலகங்களையும் எடுத்தார்கள். அதுவரை ஊசியை விட்டாலும் உடம்புக்குச் சொந்தச் சுரப்பு ஒன்று இருந்தது, எனக்கு வேண்டாத சுரப்பு என்றாலும். அதன் பிறகு அதுவும் இல்லை. நீண்ட காலம் ஒரு ஹோர்மோனும் இல்லாமல் விட்டால் எலும்பு தேயும் என்று டொக்டர் சொன்னார். முன்பு நான் விரும்பிப் போட்ட ஊசி இப்போது போடாமல் விட முடியாத ஊசி. அறுவையை நினைத்து ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. ஆனால் என் உடம்பு ஒரு பாமசி அலுமாரியை நம்பி நிற்கிறது என்பது அன்றுதான் உறைத்தது.

2022இல் அந்த அலுமாரி காலியானது. நாட்டில் டொலர் இல்லை, மருந்துக்கப்பல் இல்லை, மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. இன்சுலின் வைத்திருந்தவர்கள் ஃப்ரிட்ஜை நினைத்துத் தவித்தார்கள். என் மருந்துக்கு ஃப்ரிட்ஜ் தேவையில்லை, மருந்துதான் இல்லை. பெற்றோல் வரிசையைத் தாண்டி ஒவ்வொரு பாமசியாக நடந்தேன். ஒரு கடையில் மருந்துத் துண்டைப் பார்த்தவர் "இதெல்லாம் இப்ப அவசியமே" என்று கேட்டார். டொக்டரோடு பேசி இடைவெளியைக் கூட்டினோம். இரவில் உடம்பு தீயாய்க் கொதிக்கும், வேர்வையில் படுக்கை நனையும், காலையில் எழும்ப மனம் வராது. அதைவிடப் பயம் பெரிது: தாடி உதிருமா, உடம்பு பழையபடி ஆகிவிடுமா? குரல் மாறாது என்று தெரிந்திருந்தும், காலையில் எழும்பியதும் அம்மாவைக் கூப்பிட்டுக் குரலைச் சோதித்துப் பார்ப்பேன்.

அம்மா முதலில் "உதை எப்ப நிப்பாட்டுவாய் பிள்ளை?" என்று அடிக்கடி கேட்பார். அம்மாவுக்குத் தைரொய்ட். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலம் தொட்டு தினமும் வெறும் வயிற்றில் தைரொக்சின் குளிசை எடுக்கிறார். எப்போது நிப்பாட்டுவீர்கள் என்று அவரை யாரும் கேட்டதில்லை. அந்த வருடம், என் ஊசிக்காகத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் கோல் எடுத்தவர் அம்மாதான். "என்ர குளிசை மாதிரித்தானே" என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தது அறைக்குள் கேட்டது. அம்மா சொன்னதில் பாதிதான் சரி. அவருடைய குளிசையை வாங்கும்போது முகத்தை ஏறிட்டுப் பார்ப்பார் யாருமில்லை. எனக்குக் கோபம் வருவது அந்த மற்றப் பாதியில்தான். மருந்தில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

இப்போது மருந்து ஒழுங்காகக் கிடைக்கிறது. டெஸ்டோஸ்டெரோன் இரத்தத்தைத் தடிக்கச் செய்யும் என்பதால் ஹீமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 வீதத்தைத் தாண்டாமல் பார்க்கிறார்கள், தாண்டினால் அளவைக் குறைப்பார்கள் அல்லது தள்ளிப்போடுவார்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு தரம் அந்தச் சோதனை. ஊசிக்கு முதல்நாள் சில சமயம் சலிப்பாக இருக்கும், "இன்னும் எத்தனை" என்று. அதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. சலிப்பு வந்தால் பாதையே பிழை என்று நினைக்கவும் வேண்டாம். எனக்குச் சலிப்பும் வரும், ஊசியும் போடுவேன்.

அறுவைக்குப் போகிற தம்பிமாருக்கு ஒன்று. வடு எப்படி இருக்கும் என்று கேட்கும் அதே நாளில், மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தால் என்ன செய்வது, இதற்குப் பதிலாக எதைப் போடலாம், எவ்வளவு காலம் தாங்கலாம் என்பதையும் டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கையில் எப்போதும் ஒரு அம்பியூல் கூடுதலாக இருக்கட்டும். 30 பாகைக்குக் கீழே, வெயில் படாத இடத்தில் வையுங்கள், ஃப்ரிட்ஜில் வேண்டாம்.